சடை யானை

எங்கள் குடும்பத்தில் பொய்யர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் என் பெரியப்பா. கடன் வாங்கிவிட்டு இல்லையென்று கை விரித்தவர் அல்லர். சாட்சிக் கூண்டில் ஏறி யாருக்காகவும் நாக்கு மாறியவரும் அல்லர். கள்ளக்குறிச்சியில் அவர் புளியும் கடுக்காயும் வாங்கி விற்ற காலத்தில், தராசு முள் எள்ளளவு தம் பக்கம் சாய்ந்தாலும் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டவர் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டம் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு யானை.

சாதாரண யானையாக இருந்தால் வம்பில்லை. அது சடை யானை. உடம்பெல்லாம் கரடி மாதிரி ரோமம் தொங்கும். தந்தம் வளைந்து வளைந்து வண்டிச் சக்கரம்போல் இருக்கும். பிளிறினால் மற்ற யானைகளெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடி வரும். இதைத் தாம் கண்ணால் பார்த்ததாகப் பெரியப்பா சொல்வார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து தாம்பூலம் போடும் நேரம், கருமாதி வீட்டில் தூக்கம் வராத இரவு, எதுவானாலும் சரி, நான்கு பேர் கூடிவிட்டால் சடை யானை வந்துவிடும்.

"எங்கே பார்த்தீங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"கொட்டாயிலே. படத்திலே. நம்ம சேலத்துப் படம். வெள்ளைக்காரன் நடிச்சான், வெள்ளைக்காரி நடிச்சாள். தமிழ்ப் படம்தான்!"

கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சேலத்தில் எடுத்த தமிழ்ப் படத்தில் வெள்ளைக்காரியாம், அதில் சடை வைத்த யானையாம்! "அண்ணன் அன்னிக்குக் கொட்டாய்க்குப் போறதுக்கு முந்தி தென்னந்தோப்புப் பக்கம் போயிருப்பாரு" என்று யாராவது முணுமுணுக்க, பந்தல் முழுவதும் சிரிக்கும். பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். "நம்பாட்டிப் போங்க. வீட்டுக்கு வாங்க, நோட்டீசு காட்டறேன்" என்பார்.

ஆம், அவரிடம் ஒரு நோட்டீசு இருந்தது. வாசகர்கள் அந்த நோட்டீசை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதனால்தான்.

கள்ளக்குறிச்சி இன்று ஒரு ஜில்லாவின் தலைநகரம். 2019-ஆம் வருஷம் நவம்பரில் அந்த அந்தஸ்து வந்தது. அதற்கு முன் விழுப்புரம் ஜில்லாவிலும், 1993-க்கு முன் பழைய தென்னாற்காடு ஜில்லாவிலும் ஒரு மூலையாகக் கிடந்த ஊர். ரெயில் ஏற வேண்டுமானால் சின்னசேலம் போக வேண்டும். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. ஒரே சிகரமாக மிரட்டாமல், படுத்திருக்கும் மாட்டு மந்தைபோல் முதுகு முதுகாகத் தெரியும் மலை அது. கோமுகி ஆறு அங்கேதான் பிறந்து கச்சிராயபாளையத்துக்கு அருகே சமவெளியில் இறங்குகிறது. மலைமேல் வெள்ளிமலை, அந்தப் பக்கம் கருமந்துறை. சுதந்திரம் வந்த பிறகும் வெகுகாலம் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் சர்க்கார் அதை முழுவதும் எடுத்துக்கொண்டது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் கடுக்காயும் தேனும் புளியும் கொண்டு கீழே இறங்குவார்கள். என் பாட்டனார் அவர்களிடம் கொள்முதல் செய்தார்; அவருக்குப் பிறகு பெரியப்பா.

பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது, கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஒரு டூரிங் டாக்கி வந்து கூடாரம் அடித்தது. அந்தக் கொட்டகையின் பெருமையை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண் சுவர். தரை டிக்கெட்டுக்கு ஆற்று மணல். முன்னால் உயரமானவன் உட்கார்ந்துவிட்டால் மணலைக் குவித்து அதன்மேல் ஏறிக்கொள்ள வேண்டியது. பின்னால் இருப்பவன் இன்னும் கொஞ்சம் குவிப்பான். கடைசி வரிசைக்காரனுக்குப் படம் முடிகிறபோது ஒரு குன்று தயாராகியிருக்கும்! புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஆகவே ஒவ்வொரு ரீல் முடியும்போதும் விளக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு ஏழெட்டு இடைவேளை. சோடாக்காரனும் முறுக்குக்காரனும் பிழைத்துக்கொண்டார்கள்.

புதுப் படம் வந்தால் மாட்டு வண்டி புறப்படும். இரண்டு பக்கமும் தட்டி. முன்னால் ஒரு தமுக்கு. உள்ளே உட்கார்ந்தவன் ரோஜா நிறக் காகிதத்தை அள்ளி வீசுவான். பையன்கள் புழுதியில் உருண்டு பொறுக்குவார்கள். அப்படிப் பொறுக்கிய ஒரு காகிதத்தில்தான் முதன்முதலாகச் சடை யானையின் படத்தைப் பெரியப்பா கண்டார்.

அன்று இரவு படம் முடிந்து வீடு திரும்பும்போது நிலா வெளிச்சத்தில் கல்வராயன் மலை தெரிந்ததாம். அந்த முதுகுகளெல்லாம் ரோமம் போர்த்திப் படுத்திருக்கிற மாதிரியே இருந்ததாம். மலை ஒரு தடவை மூச்சு விட்டதைத் தாம் பார்த்ததாகக்கூட அவர் சொல்வார். இங்கேதான் அவருடைய சாட்சியம் பலவீனப்பட்டது என்று நினைக்கிறேன்.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. கொட்டகையில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். திரையில் சடை யானைகள் வந்ததும் கூட்டம் ஓவென்று அலறியது. அந்தப் பெரியவர் மட்டும் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "பயப்படாதீங்க. எங்க மலையிலே இது இல்லீங்க" என்று பொறுப்போடு அறிவித்துவிட்டு உட்கார்ந்தாராம். மலைக்கு ஜவாப்தாரி அவரல்லவா!

இதெல்லாம் சிறு வயதில் நான் கேட்டு வளர்ந்தது. இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருந்த காலம். வேலை இல்லாத வாலிபனுக்கு எல்லார் மேலும் எரிச்சல். வீட்டில் கிடக்கும் சாமான்கள் மேலும் எரிச்சல். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவாகி, பரணை ஒழிக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். ஒரு தகரப் பெட்டி. திறந்தால் பாட்டுப் புத்தகங்கள், கிழிந்த பஞ்சாங்கங்கள், புளிக் கணக்கு நோட்டுகள், ரோஜா நிறத்திலும் பச்சை நிறத்திலும் மக்கிப்போன நோட்டீசுகள். நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு மொத்தமாக எடைக்குப் போட்டேன். கிடைத்த பணத்தில் அன்று மாலை ஒரு சினிமாவுக்குப் போனேன் என்பதையும் மறைப்பானேன்!

பெரியப்பா அது பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எனக்குக் கதை எழுத வந்தது; ஊரை விட்டேன்; கல்யாணம், குழந்தை, புத்தகங்கள். விசேஷங்களுக்கு ஊருக்குப் போவேன். பெரியப்பா திண்ணையில் இருப்பார், சிரிப்பார், சௌக்கியம் விசாரிப்பார். பல வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: அவர் சடை யானைக் கதையை நிறுத்திவிட்டார். யாராவது வம்புக்கு இழுத்தாலும், "அது என்னமோ சின்ன வயசிலே பார்த்தது" என்று முடித்துவிடுவார். வயதாகிவிட்டது, மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நமக்குச் சௌகரியமான காரணங்கள் எவ்வளவு சீக்கிரம் தோன்றிவிடுகின்றன!

சமீபத்தில் ஒரு கதைக்காகச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. லீட்ஸ் நகருக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி. ஆர். சுந்தரம், சேலத்தில் ஏற்காடு சாலையில் ஒரு ஸ்டூடியோ கட்டியது 1930-களின் நடுவில். 1937-இல் 'சதி அகல்யா'. 1938-இல் முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்'. 1956-இல் தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்த அந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு ஒன்றே. அந்த நீண்ட பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் 1952 என்ற இடத்தில் நின்றேன்.

'காடு'.

ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. அமெரிக்கக் கம்பெனியும் மாடர்ன் தியேட்டர்ஸும் கூட்டாகத் தயாரித்தது. டைரக்‌ஷன் வில்லியம் பெர்க் என்ற அமெரிக்கர். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகிய ஹாலிவுட் நட்சத்திரங்கள். காமிரா, 'ஒயிட் ஷாடோஸ் இன் தி சவுத் சீஸ்' படத்துக்காக ஆஸ்கர் பரிசு வாங்கிய கிளைடு டி வின்னா. நம்முடைய எம். என். நம்பியாரும் அதில் உண்டு. இந்தியக் காட்டில் யானைகள் மிரண்டு ஊர்களுக்குள் புகுகின்றன. காரணம் தேடிப் போனால், பூமியில் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அழிந்துபோன மாமூத் என்னும் சடை யானைகள் அங்கே உயிரோடு திரிகின்றன! இதுதான் கதை.

நாற்காலியில் வெகு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குடும்பம் முழுவதும் அரை நூற்றாண்டு சிரித்த கதை, வரிக்கு வரி நிஜம். அதற்கு இருந்த ஒரே சாட்சியை எடைக்குப் போட்டவன் நான்.

அன்று முதல் அந்தப் படத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடப் போனவனுக்கு வேறொரு உலகம் தெரிய வந்தது. படங்கள் சாகிற உலகம் அது.

நாம் சினிமாவை நித்தியமானது என்று நினைக்கிறோம். உண்மையில் கோயில் சுவர்ச் சுண்ணாம்பு ஓவியத்தைக் காட்டிலும் அற்பாயுசு அதற்கு. ஆதியில் படச்சுருள் செய்த நைட்ரேட் என்ற சரக்கு தீப்பெட்டிக்குச் சமானம். ஒரு தடவை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். புனா திரைப்படக் கல்லூரி வளாகத்தில் 2003 ஜனவரியில் பிடித்த தீயில், அப்படிப்பட்ட பழம்படச் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. பின்னால் வந்த அசிடேட் சுருள் தீப்பிடிக்காது. ஆனால் வெக்கையிலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் ஊறுகாய்க் காடியின் நெடி அடிக்கும். அந்த நெடி வந்துவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான். தீயும் புளிப்பும் தின்றது போக, மனிதர்கள் தின்றது மீதி. ஓடி முடிந்த படத்தில் பணம் இல்லை. சுருளில் பூசிய வெள்ளியில் பணம் இருந்தது. உருக்கி எடுத்தார்கள்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வெளியாயிற்று. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' முதலான மௌனப் படங்கள் ஒன்றும் இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் முழுமையாகக் கிடைத்திருப்பது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும்தான். அது தப்பிய விதம் வேடிக்கை. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டார்கள் என்று நாவலின் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். படம் முடங்கியது. எங்கும் ஓடாமல் திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் கிடந்ததால் தேயவும் இல்லை, கிழியவும் இல்லை. 1974-இல் புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தார் அதை மீட்டார்கள். 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகத்துக்கு உயிரும் உடலுமாக இருந்தவர் பி. கே. நாயர். கொட்டகைக் கொட்டகையாக, பழைய இரும்புக் கடை வரைக்கும் அலைந்து டப்பாக்களைப் பொறுக்கிய மனிதர். காதலித்த பெண்ணை ஒருவன் தேடுவதுபோல் படங்களைத் தேடினார்.

பூதப் படங்களுக்கும் இந்த ராசி உண்டு போலும். 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு' என்ற ரத்தக் காட்டேரிப் படம், 'டிராகுலா' நாவலை உரிமையின்றித் தழுவியது. நாவலாசிரியரின் விதவை வழக்குத் தொடுத்தார். பிரதிகள் எல்லாவற்றையும் அழிக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால் காட்டேரி பிழைத்தது. 1968-இல் அமெரிக்காவில் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பிணங்கள் எழுந்து நடமாடும் படம். கடைசி நிமிஷத்தில் பெயரை மாற்றியபோது, டைட்டில் அட்டையோடு சேர்ந்திருந்த பதிப்புரிமை வரியும் போய்விட்டது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உரிமையே இல்லை! எடுத்தவர்களுக்குப் பெரும் நஷ்டம். ஆனால் ஊர்ப் பொதுக் கிணறுபோல் யார் வேண்டுமானாலும் மொண்டு குடித்ததால், அந்தப் படத்துக்கு அழிவே இல்லாமல் போயிற்று.

நம் நாட்டுச் சட்டப்படி சினிமாவுக்கு உரிமை, வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். அதற்குள் சொந்தக்காரர் மறந்துவிட்டால் படத்துக்குக் கதி இல்லை. தெருப்பிள்ளைக்குப் பத்துத் தாய் என்பார்களே, அந்த மாதிரிப் பத்துத் தாய்மார்கள் இன்று இன்டர்நெட்டில் இருக்கிறார்கள். 1996-இல் புரூஸ்டர் கேல் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த இன்டர்நெட் ஆர்கைவ் அவற்றில் பெரியது. பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி அதில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன காட்டேரியும் நடைப்பிணங்களும் அங்கே இலவசமாக வசிக்கின்றன. நம் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ஒருவர், பிறர் வேண்டாம் என்று கழித்த புத்தகம், நோட்டீசு, பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் தம் வீட்டில் சேர்த்தார். அவர் காலமான பிறகு, 1994 முதல் அது நூலகமாக நடந்துவருகிறது. இந்த விவரத்தைப் படித்தபோது என் முகத்தை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. ஒருவர் பொறுக்கினார், இன்னொருவன் எடைக்குப் போட்டான்.

ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எளிய காரியமன்று. ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஒரு மணி நேரத்துக்கு 86,400. ஒவ்வொன்றையும் தூசி துடைத்து, கிழிசல் ஒட்டி, தனித்தனியே ஒளியில் வைத்து நகலெடுக்க வேண்டும். ஏற்றிவிட்டால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. 2024 அக்டோபரில் விஷமிகள் தாக்கி, இன்டர்நெட் ஆர்கைவே சில நாட்கள் மூடிக்கிடந்தது. இரும்புத் தகடோ பனை ஓலையோ இன்டர்நெட்டோ, ஒரே இடத்தில் இருக்கும் வரை எதற்கும் ஆபத்துதான். பிரதி பத்து இடத்தில் இருக்க வேண்டும். ஓலைச்சுவடியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்த நம் முன்னோருக்கு இது தெரியாத சங்கதியல்ல.

இப்படித் தேடித் தேடி ஒரு நாள் இரவு 'தி ஜங்கிள்' என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ ஏற்றிவைத்த ஆங்கிலப் பிரதி. நான் முதலில் பார்க்கவில்லை. அது எனக்கு முந்திப் பார்க்க உரிமையுள்ளவர் ஒருவர் இருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் இனிமேல்தான். சாய்வு நாற்காலியை அறைக்குள் போட்டு, ஜன்னலை அடைத்து, லாப்டாப்பை முக்காலியின்மேல் வைத்தேன்.

"என்னடா இது, பூஜை மாதிரி?" என்றார்.

"பாருங்க பெரியப்பா."

படத்தில் ஆட்டம் வந்தது, பாட்டு வந்தது, காட்டு மிருகங்கள் ஒன்றோடொன்று மோதின. அவர் அசையாமல் இருந்தார். ராட் கேமரன் காட்டிலிருந்து வந்து தாம் கண்டதைச் சொல்கிறார். மற்றவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அந்த இடத்தில் பெரியப்பா லேசாகத் தலையை ஆட்டியதுபோல் எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: படம் பெரிய காவியமொன்றும் இல்லை. பார்க்கிறவனைக் கடைசி வரை காக்க வைத்துவிட்டுத்தான் சடை யானைகளைக் காட்டுகிறார்கள்.

கடைசியில் அவை வந்தன.

நிஜ யானைகள்தாம். மேலே ரோமப் போர்வை போர்த்தி, வளைந்த தந்தம் ஒட்டவைத்திருந்தார்கள். பத்து வயதான என் மகள் களுக்கென்று சிரித்தாள். "தாத்தா, அந்த யானைக்குக் கம்பளி போட்டிருக்காங்க!"

பெரியப்பா திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். என் மார்பு அடித்துக்கொண்டது. எழுபது வருஷம் அவர் மனத்தில் மலையளவு நின்ற மிருகம், இப்போது ஒரு சாண் கண்ணாடியில் போர்வை தெரிய நடந்துகொண்டிருந்தது. ஏன் கொண்டுவந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

படம் முடிந்தது. ஜன்னலைத் திறந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"அதுதான்" என்றார். "அதே படம்தான். ஆனா இவனுக எதுக்கு இங்கிலீசு பேசறானுக? நம்ம கொட்டாயிலே தமிழ்லே இல்ல பேசினாங்க!"

"இது இங்கிலீஷ் பிரதி, பெரியப்பா. தமிழ்ப் பிரதியை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

"தேடு, தேடு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கம்பளிதான், இல்லே?" என்றார்.

"ஆமாம்."

"அன்னிக்கு எவனுக்கும் தெரியலேடா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏமாற்றம் இருக்கிறதா என்று நான் தேடினேன். தெரியவில்லை.

அந்த நல்ல வேளையை விட்டால் இனி வராது என்று பட்டது. "பெரியப்பா, அந்த நோட்டீசு... தகரப் பெட்டி... நான்தான் எடைக்குப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார், வெகு சாதாரணமாக. "பேப்பர்காரன் தராசு போட்டது நம்ம திண்ணையிலேதானே? நான் கொல்லையிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன் தடுக்கலே?"

"நீ அப்போ படிப்பையும் விட்டுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சே. ஒரு வேலைன்னு கையிலே எடுத்ததே அன்னிக்குத்தான். அதிலேயும் வந்து நான் குறுக்கே நின்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பேச்சு எழவில்லை.

"அப்புறம் கதையை ஏன் நிறுத்திட்டீங்க?"

"காட்டுன்னு கேட்டா எதைக் காட்டறது? கையிலே ஒண்ணும் இல்லாம சொன்னா அது புளுகுதானே? தராசு வச்சுப் பிழைச்சவன்டா நான்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. பெரியம்மா காப்பி கொண்டுவந்தார்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்கம்பக்கத்து உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். என் மகள்தான் ஆரம்பித்துவைத்தாள்: "தாத்தா, நீங்க பார்த்தப்போ அந்த யானை எப்படி இருந்துச்சு?" பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த கொட்டகை திறந்தது. மாட்டு வண்டி வந்தது, தமுக்கு வந்தது, மணல் குவிந்தது, ரீலுக்கு ரீல் முறுக்கு வந்தது. சடை யானைகள் கல்வராயன் மலை முதுகிலிருந்து, மத்தியானம் நான் கம்ப்யூட்டரில் பார்க்காத பயங்கரத்தோடு இறங்கி வந்தன. கம்பளி விஷயத்தை அவர் மூச்சுவிடவில்லை. என் மகளும் காட்டிக்கொடுக்கவில்லை. மலைப் பெரியவர் எழுந்து நின்று, "எங்க மலையிலே இது இல்லீங்க" என்று சொன்னபோது திண்ணையே சிரித்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பழைய வழக்கப்படி, "நோட்டீசு எங்கே அண்ணே?" என்று கிண்டினார்.

பெரியப்பா என்னைக் கையால் காட்டினார். "அதோ, அவன் பெட்டியிலே படமே இருக்கு. போய்ப் பாரு."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றிக் கைபேசியை எடுத்து, அவருக்குத் தெரியாமல் முழங்காலின்மேல் வைத்தேன். சேலத்தாரும் ஹாலிவுட்டாரும் சேர்ந்து எடுத்த படத்தை எங்கோ யாரோ காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தக் கொட்டகையை யார் நகலெடுத்தார்கள்? மணலை, தமிழில் கத்திய வெள்ளைக்காரனை, மலைக்கு ஜவாப் சொன்ன அந்தப் பெயர் தெரியாத பெரியவரை? எந்தக் காப்பகத்தின் அட்டவணையிலும் அவருக்கு இடம் இல்லை. அவர் இருப்பதெல்லாம் எண்பது வயதுக் கிழவர் ஒருவரின் நாக்கு நுனியில். அந்த இடமோ நைட்ரேட் சுருளைவிட ஆபத்தானது.

நாற்பத்திரண்டு நிமிஷம் பதிவாயிற்று. நடுவில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. பெரியம்மா மாட்டை அதட்டுகிறார். எதையும் வெட்டவில்லை. ஒரு பிரதி என்னிடம், ஒன்று மகளிடம், ஒன்று அமெரிக்காவிலுள்ள தம்பியிடம். தமிழ்ப் பிரதியைத் தேடுவதையும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். அதில் ரோஜா நிறக் காகிதம் ஒன்று, சடை யானை படம் போட்டு இருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெரியப்பாவுக்குக் காட்ட வேண்டும்.